குரலுக்கு ஒரு தேர்வு

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டக் கோயில்களில் தேவாரம் பாடிப் பழகிய மாணவர்களுக்குப் பிறர் முன்னிலையில் பாடுவது புதிதன்று. திருமுறை ஓதும் விழாவில் நடுவர்கள் முன் நிற்கும்போது கை நடுங்கினாலும், பாட வேண்டிய பாடல் முன்னரே தெரியும் என்பது பெரிய ஆறுதல். வட இந்தியச் செவ்வியல் இசையான இந்துஸ்தானி இசையின் செய்முறைத் தேர்வில் அந்த ஆறுதல் பாதிதான் கிடைக்கும்.

முற்காலத்தில் இவ்விசையைக் கற்க விரும்பியோர் பெரும்பாலும் குருவின் இல்லத்திலேயே பல்லாண்டுகள் தங்கிப் பணிவிடை செய்து கற்றனர். இசைக் குடும்பத்தில் பிறவாதவருக்கு அவ்வாய்ப்பு எளிதில் கிட்டவில்லை. 1901ஆம் ஆண்டில் விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் லாகூரில் காந்தர்வ மகாவித்யாலயா என்னும் இசைப்பள்ளியைத் தொடங்கினார். அரசர்களின் ஆதரவை நம்பாமல் பொதுமக்களின் நன்கொடையால் நடந்த பள்ளி அது. அங்கே பாடத்திட்டம் வகுத்து, வகுப்பறையில் இசை கற்பிக்கப்பட்டது. 1931இல் அவர் மறைந்தபின் அவருடைய மாணவர்கள் அமைத்த அகில பாரதிய காந்தர்வ மகாவித்யாலய மண்டலம் இன்றும் தேர்வுகளை நடத்துகிறது. ‘பிராரம்பிக்’ என்னும் தொடக்கநிலையில் தேர்ச்சி பெறுபவர் படிப்படியாக ‘விசாரத்’, ‘அலங்கார்’ நிலைகள் வரை உயரலாம்.

தேர்வு அறையில் தம்புராவின் சுருதி ஒலித்துக்கொண்டிருக்கும். உயர்நிலைகளில் தேர்வாளர் பாடத்திட்டத்திலுள்ள ஒரு ராகத்தைச் சொல்வார். மாணவர் முதலில் தாளமின்றி ஆலாபனை செய்து, பிறகு ‘கியால்’ எனப்படும் பாடலைத் தப்லாவுடன் பாட வேண்டும். தீன்தாளத்திற்கு 16 மாத்திரைகள். 1, 5, 13ஆம் மாத்திரைகளில் கை தட்டி, 9இல் கையை வீசிக் காட்ட வேண்டும். கற்பனையில் ராகத்தை எவ்வளவு விரித்தாலும் ‘சம்’ என்னும் முதல் மாத்திரைக்குச் சரியாக வந்து சேர வேண்டும். தப்லா யாருக்காகவும் காத்திருக்காது!

இதைவிடக் கடினமானது ராகத்தை அடையாளம் காண்பது. நாம் மோகனம் என்று அறிந்த ராகத்தை ஒத்தது இந்துஸ்தானி இசையின் பூபாலி. ச, ரி, க, ப, த என ஐந்தே சுரங்கள். தேஷ்கார் என்னும் இன்னொரு ராகத்திற்கும் இதே ஐந்து சுரங்கள்தாம். தாளில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பாடினால்தான் வேறுபாடு தெரியும். இரவின் தொடக்கத்தில் பாடப்படும் பூபாலியில் காந்தாரமே தலைமைச் சுரம். காலை ராகமான தேஷ்காரிலோ தைவதம் தலைமை ஏற்கிறது. தேர்வாளர் சிறு இசைத்தொடர் ஒன்றை மட்டும் பாடிக்காட்டி, “இது எந்த ராகம்?” என்று கேட்கக்கூடும். மாணவரே பூபாலி பாடும்போதும் இந்தச் சோதனை தொடர்கிறது. தைவதத்தில் சற்று அதிகமாக நின்றுவிட்டால், தவறான சுரம் ஒன்றைக்கூடப் பாடாமலே அவர் தேஷ்காருக்குள் நுழைந்துவிடுவார். ஆகவே, நல்ல ஆசிரியர்கள் இவ்விரு ராகங்களையும் அடுத்தடுத்துப் பாடிக்காட்டி, மாணவரின் செவியை முதலில் பழக்குகின்றனர்.