ஜானிங் பாராட் மேட்டுநிலம்

ஜொகூர், காஹாங் நகரிலிருந்து எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவின் பெத்தா நுழைவாயில் ஏறத்தாழ 56 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தோட்டங்களையும் காட்டையும் ஊடுருவிச் செல்லும் அக்கரடுமுரடான பாதைக்கு நான்கு சக்கர இயக்க வாகனமே ஏற்றது. பாதை முடியும் இடத்தில் ஜாக்குன் பூர்வக்குடியினர் வாழும் கம்போங் பெத்தா அமைந்துள்ளது. அங்கிருந்து எண்டாவ் ஆற்றின் வழியே படகில் கோலா ஜாசினை அடைந்து, ஜானிங் பாராட் மலையில் ஏற வேண்டும்.

ஏறத்தாழ 710 மீட்டர் உயரமுள்ள இம்மலையின் உச்சி கூர்மையானதன்று, மேசைபோல் தட்டையானது. அதன் சரிவில் விசிறிப்பனைகள் அடர்ந்துள்ளன. உச்சியிலோ மணற்பாறை தேய்ந்து உருவான மண்ணில் சத்து மிகக் குறைவு. ஆதலால், அங்கு மரங்கள் குட்டையாகவே வளர்கின்றன. குடுவைத் தாவரங்கள் பூச்சிகளைப் பிடித்து, மண் தராத சத்தைப் பெறுகின்றன.

இத்தகைய காடு அழிந்தால் எளிதில் மீளாது. 1977-இல் எண்டாவ்-ரொம்பின் காட்டில் மரம் வெட்டும் பணி தொடங்கியபோது, பொதுமக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். மறு ஆண்டே அப்பணி நிறுத்தப்பட்டது. 1985, 1986-ஆம் ஆண்டுகளில் மலாயா இயற்கைக் கழகம் மேற்கொண்ட ஆய்வுப் பயணம் இக்காட்டின் அருமையை நாட்டுக்கு உணர்த்தியது. இன்று மாணவர்கள் அம்மேட்டுநிலத்தைக் காண முடிவதற்கு அன்று ஒலித்த குரல்களும் ஒரு காரணமாகும்.