வாடகைக்கு விட வீடு வாங்கும் முன்

கடையில் மிஞ்சும் பணத்தை வீட்டில் போட நினைக்கும் அன்பர்களுக்கு, நாம் பட்டுத் தெரிந்ததைச் சொல்கிறோம்.

நாம் முதலில் பேசிய வீட்டுக்கு 30 வருட வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தோம். வில்லங்கம் ஏதுமில்லை. நம்பி முன்பணம் கொடுத்தோம். பிறகு விற்பவரின் தங்கை, தகப்பனார் சொத்தில் தம் பங்கைக் கேட்டு நோட்டீஸ் விட்டார். கிரயம் நின்றது. முன்பணம் திரும்பி வர இரண்டு வருடமாயிற்று.

வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தாம் தெரியும். வாரிசுப் பங்கும், பதிவாகாத உயிலும் தெரியா. ஆகவே:

1. மூலப் பத்திரத்தின் அசலைப் பாருங்கள். நகல் மட்டும் காட்டினால், அசல் அடமானத்தில் இருக்கலாம்.

2. வாரிசுச் சான்று கேளுங்கள். மகள்கள் உட்பட அனைவரும் கிரயத்தில் கையெழுத்திட வேண்டும்.

3. பதிவானதும் பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு ஆகியவற்றைப் பெயர் மாற்றுங்கள்.

4. குடிவைக்க வாய்ப்பேச்சு போதாது. 22.2.2019 முதல் நடைமுறையிலுள்ள தமிழக வாடகைச் சட்டப்படி எழுத்து மூல ஒப்பந்தமும், வாடகை அதிகாரியிடம் அதன் பதிவும் அவசியம்.

முக்கியமாக, சரக்கு பிடிக்கும் முதலில் கை வைக்காதீர்கள். அவசரத்துக்கு மூட்டையை அன்றே விற்கலாம். வீட்டை விற்க முடியாது.