ஒன்பது வாரத்தில் ஒரு மொழி

“ஸி” என்று ஒரு சொல். கான்டனீஸ் மொழியில் இதற்குப் பொருள் என்னவென்று கேட்டால் விடை கிடைக்காது. “எந்தச் சுருதியில்?” என்று திருப்பிக் கேட்பார்கள். உயர்ந்த குரலில் நிலையாக ஒலித்தால் கவிதை. மேல் நோக்கி ஏறினால் வரலாறு. நடுக்குரலில் நின்றால் முயன்று பார்த்தல். தாழ்ந்து இறங்கினால் காலம். தாழ்விலிருந்து சற்றே எழுந்தால் சந்தை. தாழ்விலேயே நின்றால் காரியம். ஒலி ஒன்று, சுருதி ஆறு, பொருளும் ஆறு.

சென்ற ஆண்டு எங்கள் ஆய்வகத்தில் சில மாதங்கள் தங்கிச் சென்ற ஹாங்காங் மாணவர் ஒருவர் இந்த ஆறையும் எனக்குச் சொல்லிக் காட்டினார். நான் திருப்பிச் சொன்னேன்; ஆறும் ஒன்றாகவே ஒலித்தன. அவர் சிரித்துவிட்டு, “எங்கள் ஊர்த் தெருக்களில் வெள்ளைச் சட்டையும் டையும் அணிந்த அமெரிக்க இளைஞர்கள் இருவர் இருவராக வருவார்கள். இருபது வயதுதான் இருக்கும். அவர்கள் இதைப் பேசுகிறார்களே, உங்களால் ஏன் முடியாது?” என்றார். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவர்கள் யார், எப்படிக் கற்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். படித்ததில் நமக்குப் பயன்படும் செய்தி ஒன்று இருந்தது.

யார் இவர்கள்?

1830-ஆம் ஆண்டில் ஜோசப் ஸ்மித் என்பவர் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு கிறித்தவ சபையை நிறுவினார். அதன் முழுப்பெயர் ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’. ஊரார் அதை மார்மன் சபை என்பர். இன்று அதன் தலைமையிடம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் நகரம். அச்சபையின் இளைஞர்கள் பலர் பதினெட்டு வயதானதும் இரண்டாண்டுகளைச் சமயப் பணிக்கு ஒதுக்குகிறார்கள்; பெண்கள் சென்றால் பதினெட்டு மாதங்கள். சம்பளம் கிடையாது, செலவுக்குத் தாமோ குடும்பத்தாரோ பணம் சேர்க்க வேண்டும். எந்த நாடு, எந்த மொழி என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவர்களுக்கு இல்லை. சபை அறிவிக்கும், அவர்கள் செல்வார்கள். ஒருவனுக்கு ஸ்பானியம் வரும். அவன் பக்கத்து வீட்டுத் தோழனுக்குக் கான்டனீஸ் வரும்.

கான்டனீஸ், தென்சீனத்தின் குவாங்டாங் மாநிலத்திலும் ஹாங்காங்கிலும் மக்காவிலும் பல கோடி மக்கள் பேசும் மொழி. அங்கு இச்சபையின் முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது. 1853 ஏப்ரலில் மூவர் கப்பலில் ஹாங்காங் வந்து இறங்கினர். மொழி தெரியாது, வெயில் தாங்க முடியவில்லை, அவர்கள் சொன்னதைக் கேட்பாரும் இல்லை. ஜூன் மாதமே கப்பல் ஏறிவிட்டனர். ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1949-இல், சபை மீண்டும் வந்தது. கொரியப் போரின்போது 1951-இல் பணி நின்றது. 1955-இல் திரும்பவும் தொடங்கியது. அக்காலத்தில் மொழியைப் போன இடத்தில்தான் கற்றாக வேண்டும்.

1961-இல் யூட்டாவின் புரோவோ நகரில், பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில், புறப்படும் முன்பே மொழி கற்பிக்கும் நிலையம் ஒன்று ஸ்பானிய மொழியுடன் தொடங்கப்பட்டது. அதுவே வளர்ந்து, 1978 முதல் சமயப் பணியாளர் பயிற்சி நிலையம் என்று பெயர் பெற்றது. இன்று அங்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் கற்பிக்கப்படுகின்றன.

பயிற்சி நடக்கும் முறை

அமெரிக்க அயலுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கும் நிறுவனம், ஆங்கிலம் பேசுவோர்க்கு மிகக் கடினமான மொழிகளின் பட்டியலில் கான்டனீஸைச் சேர்த்திருக்கிறது. அதைத் தேர்ச்சியுடன் கற்க 88 வாரங்கள், 2,200 வகுப்பு மணி நேரம் வேண்டும் என்பது அதன் கணக்கு. இந்த இளைஞர்களுக்குக் கிடைப்பதோ ஏறத்தாழ ஒன்பதே வாரங்கள்! 2020 முதல் அதிலும் ஒரு பகுதி வீட்டிலிருந்தே இணையவழியில் நடக்கிறது.

ஒன்பது வாரத்தில் மொழி வந்துவிடுமா? வராது. பின் என்ன வருகிறது? பயிற்சியைக் கவனித்தால் புரியும்.

வகுப்பு சிறியது. ஆசிரியர்களில் பலர், அதே மொழியில் பணி முடித்துத் திரும்பிய பல்கலைக்கழக மாணவர்கள். நேற்று வரை தாமே தடுமாறியவர்கள். முதல் சில நாட்களிலேயே, அறிமுகமில்லாத ஒருவரின் வீட்டுக்குச் சென்று உரையாடுவதுபோல் நடித்துக் காட்ட வேண்டும். வீட்டுக்காரராக நடிப்பவர் பெரும்பாலும் ஆசிரியரே. மாணவனுக்குத் தெரிந்தது இருபது முப்பது சொற்கள்தான். அவற்றை வைத்துக்கொண்டு பேசியாக வேண்டும். ‘உன் மொழியைப் பேசு’ என்பது நிலையத்தின் கட்டளை. உணவு மேசையிலும் நடைவழியிலும் தெரிந்த சொல்லை எல்லாம் புதுமொழியிலேயே சொல்ல வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு துணைவன் உண்டு. இருவரும் பிரியாமல் இருந்து ஒருவர் பிழையை மற்றவர் திருத்துவர். 2019 வரை வீட்டாரோடு தொலைபேசியில் பேசுவதும் ஆண்டுக்கு இருமுறைதான். அதன் பிறகே வாரந்தோறும் பேச இசைவு தந்தனர்.

ஆக, ஒன்பது வாரத்தில் வருவது மொழியன்று, கூச்சம் போகிறது. பிழையாகப் பேசினாலும் பேசலாம் என்னும் துணிவு வருகிறது. மீதி மொழியைத் தெரு கற்றுக் கொடுக்கிறது.

பிழைக்கோ பஞ்சமில்லை. கான்டனீஸில் ஆண்டவருக்குரிய சொல் ‘ச்யூ’. குரல் மேலேற வேண்டும். அதே ‘ச்யூ’ உயர்ந்து நிலையாக நின்றால் பன்றி! ஆண்டவரைப் பற்றிப் பேசவந்த இளைஞன் சுருதி தவறினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ‘மாய்’ என்று தாழ்விலிருந்து எழுந்தால் வாங்குதல். தாழ்விலேயே நின்றால் விற்றல். கடைத்தெருவில் இது சிறிய பிழையாகாது.

தமிழ்க் காதுக்கு எப்படி?

சுருதி என்றதும் அஞ்ச வேண்டியதில்லை. ஆணின் குரல்நாண்கள் பேசும்போது நொடிக்கு ஏறத்தாழ 120 முறையும், பெண்ணின் குரல்நாண்கள் 200 முறைக்கு மேலும் அதிர்கின்றன. அப்படியிருந்தும் இருவர் சொல்லும் ‘கவிதை’யும் கேட்பவருக்குக் கவிதையாகவே விளங்குகிறது. அதிர்வெண்ணின் அளவை விட, பேசுபவரின் குரலுக்குள் அமையும் ஏற்ற இறக்கமே பொருளைத் தருகிறது. ஒரு கட்டையில் பாடினாலும் ஐந்து கட்டையில் பாடினாலும் ராகம் மாறாததை அறிந்த நமக்கு இது புதிதன்று.

வேறு சிலவும் நமக்கு நெருக்கமானவை. ‘நான்’ என்பதற்கு அங்கே ‘ஙோ’. நாம் அரிச்சுவடியில் எழுதிப் பழகிய ‘ஙோ’ அங்கே நாள்தோறும் வாழ்கிறது! ‘ஐந்து’ என்பதற்கு வெறும் ‘ங்’. எதிர்மறைக்கு வெறும் ‘ம்’. மெய்யெழுத்தே தனித்து நின்று சொல்லாகிறது. நம் ஆ, ஏ, ஓ என்னும் இடைச்சொற்களைப் போல, வாக்கிய இறுதியில் ‘ஆ’, ‘லா’, ‘லோ’, ‘மெ’ என்று சேர்த்து வினாவையும் வியப்பையும் இசைவையும் காட்டுகிறார்கள். எழுத்தும் பேச்சும் வேறுபடுவதும் நம்மைப் போலவே. ‘அல்ல’ என்பதைப் பேச்சில் ‘ம் ஹய்’ என்பார்கள். ஏட்டில் அதையே ‘பத் ஸி’ என்று படிப்பார்கள். எனவே அந்த இளைஞன் வேதநூலை ஒரு நடையில் படித்து, வீட்டு வாசலில் வேறொரு நடையில் பேச வேண்டும். செந்தமிழில் எழுதிக் கொச்சையில் பேசும் நமக்கு அவன் தொல்லை நன்றாகவே விளங்கும்.

நமக்குக் கடினமானவையும் உண்டு. ‘ஆறு’ என்பதற்கு ‘லுக்’. க் என்று நாக்கை நிறுத்தி மூச்சை விடாமல் முடிக்க வேண்டும். நாமோ பழக்கத்தால் ஓர் உகரத்தைச் சேர்த்து ‘லுக்கு’ என்போம். ‘பாவ்’ என்று மெல்லச் சொன்னால் வயிறு நிறைந்தது. அதே ப-வை மூச்சை உந்திச் சொன்னால் ஓடு. அமெரிக்கனுக்கு உந்திச் சொல்வது இயல்பு. உந்தாமல் சொல்வதைத்தான் அவன் பழக வேண்டும். நமக்கு நேர்மாறு.

நம் கதை

இந்த மூச்சு விஷயத்தில் நானும் ஒரு பாடம் படித்தவன். இவ்வூருக்கு வந்த புதிதில் விடுதிச் சமையற்காரரிடம் சாப்பாடு கேட்டேன். ‘கானா’ என்பதில் மூச்சை உந்தியிருக்க வேண்டும். உந்தாமல் சொன்னதால், ‘ஒற்றைக்கண்ணன் இருக்கிறானா?’ என்று பொருள்பட்டுவிட்டது. பந்தியே சிரித்தது. அன்று முதல் நான் ஆங்கிலத்துக்குள் ஒளிந்துகொண்டேன். இரண்டாண்டு நாள்தோறும் எனக்குச் சோறு போட்ட அந்த மனிதருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதுகூடத் தெரியாமல் இருந்தேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது; எனக்கு வாய் திறக்கத் துணிவில்லை. அமெரிக்க இளைஞன் பன்றி என்று சொல்லிவிட்டு, சிரிப்பையும் ஏற்றுக்கொண்டு, மறுநாளும் அதே தெருவுக்குப் போகிறான். நான் ஒரு சிரிப்புக்கு அஞ்சி இரண்டாண்டை இழந்தேன்.

நண்பர்களே, அந்த இளைஞர்களின் சமய நோக்கத்தை நான் ஏற்பவனல்லன்; பிறரைத் தம் நெறிக்கு மாற்றச் செல்வதைப் பலர் விரும்புவதில்லை என்பதும் அறிவேன். நான் பாராட்டுவது, பிறரோடு பேசுவதற்காகப் பிறர் முன் குழந்தையாகத் தயங்காத அந்த மனத்தை. பேசப் போனவன் கேட்கவும் கற்கிறான். சுருதியைக் காதால் பிடிக்காமல் வாயால் பிடிக்க முடியாதல்லவா?

‘பிறமொழி கற்பது தமிழுக்குத் தாழ்வு’ என்று சிலர் கூறலாம். 1965-இல் நம் மாணவர்கள் எதிர்த்தது திணிப்பை. ஒருவர் ஆணையால் ஏற்பது வேறு. அண்டை வீட்டாரோடு பேச வேண்டும் என்று நாமே விரும்பிக் கற்பது வேறு. முன்னது அடிமைத்தனம், பின்னது நட்பு. தமிழை நெஞ்சில் உறுதியாகக் கொண்டவனுக்கு இன்னொரு மொழியைக் கண்டு அச்சம் ஏன்?

கான்டனீஸில் ஒருவரைக் கண்டால், “நெய் ஸிக் ஸோ ஃபான் மெய் ஆ?” என்று நலம் விசாரிப்பார்கள். ‘சாப்பிட்டாகிவிட்டதா?’ என்று பொருள். நம் ஊரிலும் அதே கேள்விதான். சென்ற மாதம் ஒருநாள், பந்தி முடிந்து தனியே அமர்ந்திருந்த சமையற்காரரிடம் போய், மூச்சை நன்றாக உந்தி, அதே கேள்வியை அவர் மொழியில் கேட்டேன். அவர் சிரித்தார். இம்முறை அந்தச் சிரிப்பு என்னைச் சுடவில்லை. அவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் பள்ளியிறுதி வகுப்பில் படிக்கிறாள்.