ஹெட் வேலைக்குக் கடை தேடும் தம்பிக்கு அக்காவின் டிப்ஸ்

தம்பி, பைக் இன்ஜினின் சிலிண்டர் ஹெட் வேலைக்கு எந்தக் கடை நல்ல கடை என்று கேட்டால் நம் ஏரியாவில் ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். பெயரை அப்புறம் பார்க்கலாம். கையில் காசு கம்மி என்றால், அளந்து பார்த்து வேலை செய்கிற கடையாகத் தேடு. "பவர் எவ்வளவு வேணும், ஏத்தித் தர்றேன்" என்று வாசலிலேயே சொல்கிற இடத்தில் ஹெட்டைக் கையிலிருந்து இறக்காதே. ஓடித் தேய்ந்த வண்டியில் வால்வு, அது உட்காரும் சீட், அது ஏறி இறங்கும் கைடு மூன்றையும் ஒழுங்காகச் சரிசெய்தாலே போன இழுவையில் பெரும்பங்கு திரும்பி வந்துவிடும். காற்று வழியைக் குடைகிற போர்ட்டிங், பாலிஷ் எல்லாம் அதற்கு மேல் காசு மிஞ்சினால்தான்.

இந்த வேலைக்கு நம் எண்ணூர், திருவொற்றியூர் பக்கத்தை விட்டு வேறெங்கும் அலைய வேண்டியதில்லை. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955-ல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனி எண்ணூரில் வளர்ந்தது. அதே 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில்தான் புல்லட்டைப் பூட்டியது. இன்ஜின் வேலை தெரிந்த கைகள் இங்கே பல தலைமுறையாக இருக்கின்றன. துறைமுகத்துக்குப் போய்வரும் கன்டெய்னர் லாரி ஹெட்டும், காசிமேட்டு விசைப்படகு ஹெட்டும் இங்குள்ள லேத்துப் பட்டறைகளுக்கு வந்தபடியே இருக்கும். படகு இன்ஜின் நடுக்கடலில் நின்றால் என்ன ஆகும் என்று அந்த மேஸ்திரிகளுக்குத் தெரியும். அதனால் சீட் வெட்டுவதில் அவர்கள் அசட்டையாக இருக்க மாட்டார்கள்.

ஆகவே என் யோசனை, வேலையை இரண்டாகப் பிரி. கைடு, சீட், ஹெட்டின் அடிமுகத்தைச் சீவி நேராக்கும் ஃபேஸிங் மூன்றையும் தினமும் ஹெட் பார்க்கிற இப்படிப்பட்ட பட்டறையில் கொடு. போர்ட்டிங் செய்துதான் ஆக வேண்டும் என்றால் அதை மட்டும் பைக் ரேஸுக்கு வண்டி தயார் செய்கிறவரிடம் கொண்டு போ. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் 'ஸ்டேஜ் ஒன்', 'ஸ்டேஜ் டூ' என்று பேக்கேஜாக வாங்கினால் எதற்கு எவ்வளவு கொடுத்தாய் என்றே உனக்குத் தெரியாது.

லாரி ஹெட் பார்க்கும் பட்டறையில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் கேள்: "அண்ணே, இந்தக் கைடு சைஸுக்குப் பைலட் இருக்கா?" சீட் வெட்டும் கட்டர் தனியாக நிற்பதில்லை. கைடுக்குள் ஒரு கம்பியைச் செருகி, அதை மையமாக வைத்துத்தான் கட்டர் சுற்றும். அந்தக் கம்பிதான் பைலட். லாரி வால்வின் தண்டு தடிமனாக இருக்கும், பல பைக்குகளில் அது பென்சிலை விட மெலிசு. சரியான பைலட் இல்லாமல் "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று ஆரம்பித்தால் சீட் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். "இல்லப்பா, இந்த சைஸ் என்கிட்ட இல்ல" என்று முகத்துக்கு நேரே சொல்கிற மேஸ்திரியை நம்பலாம். அவரிடமே வேறு யாரிடம் போகலாம் என்று கேள், சொல்வார்.

இதிலிருந்தே வேலையின் வரிசையும் புரியும். கைடு தேய்ந்திருந்தால் முதலில் கைடு மாற்ற வேண்டும், பிறகுதான் சீட். ஆடுகிற கைடை வைத்துக்கொண்டு சீட்டை மட்டும் வெட்டினால் வெட்டு மையம் தவறும், கொஞ்ச நாளில் மறுபடி புகை, மறுபடி ஹெட் கழற்றல். கைடு ஆடுகிறதா என்று நீயே பார்க்கலாம். வால்வைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டு. கையில் தெரிகிற ஆட்டம் இருந்தால் சந்தேகம்தான். அப்புறம் பட்டறையில் அளக்கச் சொல். மைக்ரோமீட்டரும் டயல் கேஜும் எடுக்காமல் "கையிலேயே தெரியுதே" என்று மட்டும் சொன்னால் வேறு இடம் பார்.

சீட்டை 30, 45, 60 டிகிரி என்று மூன்று கோணத்தில் வெட்டச் சொல். வால்வு உட்காருவது 45-ல், மற்ற இரண்டும் காற்று மடங்காமல் வழுக்கிப் போவதற்கு. கொடுக்கிற காசுக்கு இவ்வளவு பலன் தரும் பெர்ஃபார்மன்ஸ் வேலை வேறில்லை என்பது என் எண்ணம். வெட்டி முடித்ததும் புளூ போட்டுக் காட்டச் சொல். வால்வு முகத்தில் நீல மையை மெலிசாகத் தடவி, சீட்டில் வைத்து அழுத்தி எடுப்பார்கள். சீட்டில் ஒரு நீல வளையம் விழும். அது எங்கும் அறுபடாமல், ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். வால்வில் சீட் பட்ட தடம் முகத்தின் நடுவாக்கில் இருக்க வேண்டும். பைக்குக்கு அகலம் 1 மி.மீ. அல்லது சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும். ஒரு பக்கம் பட்டையாகவும் மறுபக்கம் நூல் போலவும் இருந்தால் கட்டர் சாய்ந்திருக்கிறது. கிரைண்டிங் பேஸ்ட் போட்டு மணிக்கணக்கில் தேய்த்தாலும் அது நேராகாது.

ஃபேஸிங் விஷயத்தில் பையன்கள் ரொம்ப ஏமாறுகிறார்கள். "ஒரு மி.மீ. எடுத்துடுங்க, கம்ப்ரஷன் ஏறும்" என்று வாயால் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார். 346 சி.சி. புல்லட்டின் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90. கம்ப்ரஷன் 8.5 என்றால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 46 சி.சி. ஹெட்டில் அரை மி.மீ. சீவினால் அதில் ஏறக்குறைய 2 சி.சி. குறையும், கம்ப்ரஷன் சுமார் 8.83 ஆகும். அரை மி.மீ. சீவியும் இவ்வளவுதான் ஏற்றம். ஆனால் சீவிய உலோகத்தை யாராலும் திருப்பி ஒட்ட முடியாது. கேம் மேலே இருக்கிற வண்டியில் ஹெட் கீழே இறங்கினால் செயின் தளர்ந்து வால்வு டைமிங் பின்தங்கும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே உள்ள இடைவெளியும் குறையும். அதனால் ஹெட் வளைந்திருந்தால் நேராகும் அளவுக்கு மட்டும் எடுக்கச் சொல். நேர்ச்சட்டம் வைத்து ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்ப்பார்கள். எவ்வளவு வரை பொறுக்கலாம் என்பது உன் வண்டி மேனுவலில் இருக்கும், பல பைக்குகளுக்கு அது 0.05 மி.மீ. அளவில்தான். எத்தனை மி.மீ. எடுத்தார்கள் என்பதை பில்லில் எழுதி வாங்கு. அடுத்த தடவை ஹெட்டைத் திறக்கிறவருக்கு அந்த எண் தேவை.

போர்ட்டிங் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்டேக் போர்ட்டைப் பெரிதாகக் குடைந்தால் காற்றின் வேகம் குறையும், கீழ் ஆர்பிஎம்மில் வண்டி சோம்பும். தினமும் மணலி ரோட்டில் லாரிகளுக்கு நடுவே நின்று நின்று போகிறவனுக்கு அது நஷ்டம். வார்ப்பில் துருத்தி நிற்கும் பிசிறுகளை எடுத்து, கேஸ்கட்டும் போர்ட்டும் சேரும் இடத்தில் படி இல்லாமல் செய்தால் போதும். இன்டேக்கைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் செய்து காட்டினால் மயங்காதே, அதற்குத் தனிக் காசு தராதே. எக்ஸாஸ்ட் பக்கம் வழவழப்பாக இருந்தால் கரி ஒட்டுவது குறையும்.

ரேஸுக்குத்தான் என்றால், முதலில் எந்தப் பிரிவில் ஓடப் போகிறாய் என்று முடிவு செய். அந்தக் காலத்தில் சோழவரம் ஓடுதளத்தில் ரேஸ் நடந்தது. 1990-லிருந்து இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் டிராக் இருக்கிறது. விதிப்புத்தகத்தில் உன் பிரிவுக்கு ஹெட்டில் என்ன தொடலாம், என்ன தொடக்கூடாது என்று படித்துவிட்டு அப்புறம் கிரைண்டரை எடுக்கச் சொல். ரோட்டில் ஓடும் வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ராத்திரி ரேஸ் விடத்தான் இந்த வேலை என்றால், நான் சொன்ன எதையும் எடுத்துக்கொள்ளாதே. கன்டெய்னர் வண்டிக்கு உன்னைத் தெரியாது தம்பி, நீ வீட்டுக்கு வந்து சேர வேண்டும்.

காசு பேசும்போது கூலி தனி, சாமான் தனி என்று பிரித்துக் கேள். வால்வு, கைடு, ஸ்டெம் சீல், கேஸ்கட் எல்லாம் நீயே ஒரிஜினல் பார்த்து வாங்கிக் கொடுத்தால் மிச்சம் ஆகும். ஆனால் கைடை வாங்கும் முன் மேஸ்திரியிடம் சைஸ் கேட்டுவிடு. கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேட்டு வாங்கு. மறைக்க எதுவும் இல்லாதவர் தந்துவிடுவார். சீட் வெட்டும் கூலியில் பேரம் பேசாதே. பேரம் பேச வேண்டிய இடம் பாலிஷும் பெயின்டும்தான்.

ஹெட்டில் விரிசல் விட்டு ஆர்கான் வெல்டிங் வைத்தார்கள் என்றால், வெல்டிங் முடிந்த பிறகுதான் ஃபேஸிங் செய்ய வேண்டும். சூட்டில் அலுமினியம் வளையும். இதை மாற்றிச் செய்கிற இடங்கள் இருக்கின்றன, பக்கத்திலேயே நின்று பார்.

காசைக் கொடுக்கும் முன் பட்டறையிலேயே ஒரு டெஸ்ட். வால்வு, ஸ்பிரிங் பூட்டி, போர்ட் வழியாக மண்ணெண்ணெய் ஊற்றச் சொல். வால்வு ஓரத்தில் கசிவு வருகிறதா என்று சில நிமிஷம் பார். கசிந்தால் அங்கேயே கழற்றிச் சரிசெய்து தரச் சொல். வீட்டுக்குக் கொண்டு வரும்போது, புதிதாக வெட்டிய இடங்களில் எல்லாம் எண்ணெய் தடவி பிளாஸ்டிக் கவரில் சுற்று. நம்ம ஊர்க் கடல் காற்றில் இரும்பு சீட் சீக்கிரம் துருப்பிடித்துவிடும். பூட்டும்போது நட்டுகளை மேனுவலில் சொன்ன வரிசையில் டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்கு. டேப்பெட் செட்டிங் உள்ள வண்டி என்றால் கொஞ்ச தூரம் ஓட்டி, இன்ஜின் நன்றாக ஆறியபின் கிளியரன்ஸை மறுபடி பார்.