பட்டறை முதலாளி எந்தக் காப்பீட்டை எடுப்பது?

லேத் பட்டறையில் ஒருவருக்குக் கை போய்விட்டால் இழப்பீடு யார் கொடுப்பது? "ஆளுக்கு 20 ரூபாய் காப்பீடு போட்டாச்சே" என்று நிம்மதியாக இருக்கும் முதலாளிகள் உண்டு. அவர்கள் சொல்வது பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனாவை. ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் வரை தரும் நல்ல திட்டம்தான். ஆனால் அது தொழிலாளி தன் வங்கிக் கணக்கு வழியாகத் தனக்கே எடுத்துக்கொள்ளும் காப்பீடு. முதலாளியின் சட்டப் பொறுப்பில் ஒரு ரூபாயைக்கூட அது குறைக்காது.

அந்தப் பொறுப்பு 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் பிறந்தது. 2025 நவம்பர் 21 முதல் அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. கணக்குப் போடும் முறை மாறவில்லை. வேலையில் இறந்தால் மாத ஊதியத்தில் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். நிரந்தர முழு ஊனம் என்றால் 60 சதவீதத்தை. 30 வயதுக்குக் காரணி 207.98. மாதம் 20,000 ரூபாய் வாங்கும் 30 வயது டர்னர் இறந்தால், 2020இல் அறிவித்த 15,000 ரூபாய் ஊதிய வரம்பின்படி, 7,500 பெருக்கல் 207.98, அதாவது 15,59,850 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி. தகுந்த காரணமின்றி இழுத்தடித்தால் 50 சதவீதம் வரை அபராதமும் சேரும். சிறு பட்டறை இதைக் கைக்காசிலிருந்து கொடுக்க முடியாது. இதைச் சுமக்க இரண்டே வழிகள்: தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ., அல்லது பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி.

இ.எஸ்.ஐ. பலருக்கு விருப்பத்துக்குரிய விஷயமே அல்ல. 10 பேர் இருந்தாலே கட்டாயம். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்கள் அதற்குள் வருவார்கள். முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம், நம் டர்னருக்கு முறையே 650, 150 ரூபாய்.

மருந்தகத்தில் கூட்டம், காத்திருப்பு என்று இ.எஸ்.ஐ. மீது குறை சொல்லாத ஆள் கிடையாது. குறையில் உண்மையும் உண்டு. ஆனால் விபத்து என்று வந்துவிட்டால் இதற்கு ஈடாகச் சந்தையில் எதுவும் இல்லை. நோய்க்கால உதவித்தொகை பெறக் குறிப்பிட்ட நாட்கள் சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலையில் ஏற்படும் காயத்துக்கு அந்த நிபந்தனை கிடையாது, சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. தற்காலிக ஊனம் நீடிக்கும்வரை ஊதியத்தில் 90 சதவீதம் வரும். இறந்தால் அதே விகிதத்தில் குடும்பத்துக்கு மாதாமாதம் போகும். மனைவிக்குரிய பங்கு அவர் மறுமணம் செய்யாதவரை ஆயுளுக்கும் உண்டு. டர்னரின் மனைவிக்கும் ஒரே குழந்தைக்கும் சேர்த்து மாதம் ஏறக்குறைய 18,000 ரூபாய். ஏழேகால் ஆண்டு போனால் மேலே சொன்ன 15 லட்சத்தைத் தாண்டிவிடும். முதலாளிக்கும் லாபம்: இ.எஸ்.ஐ.யில் உள்ளவருக்கு இழப்பீட்டுப் பொறுப்பு இ.எஸ்.ஐ. கழகத்துடையது, தனியாக வழக்குப் போட முடியாது.

அப்படியானால் பாலிசி யாருக்கு? 10 பேருக்குக் குறைவான பட்டறைக்கு, 21,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் ஃபோர்மேனுக்கு, கான்ட்ராக்டரிடமிருந்து வரும் ஆட்களில் இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு. கான்ட்ராக்டரின் ஆளுக்கு அடிபட்டாலும் இழப்பீடு கேட்டு முதன்மை முதலாளியிடம் வரலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். (சிறு பட்டறையும், தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் சம்மதித்தால், தானாகவே இ.எஸ்.ஐ.யில் சேரலாம்.)

பாலிசியின் பிரீமியம் வேலையின் ஆபத்தையும் மொத்த ஊதியத்தையும் வைத்துத்தான் போடப்படும். கணக்கு எழுதுபவருக்கும் பிரஸ் ஓட்டுபவருக்கும் ஒரே விகிதம் இருக்காது. பிரீமியத்தைக் குறைக்க ஊதியத்தைக் குறைத்துக் காட்டுவதுதான் பெரும் அபத்தம். கிளெய்ம் வரும்போது அங்கேதான் சிக்கும். மருத்துவச் செலவு, கான்ட்ராக்ட் ஆட்கள், தொழில்சார் நோய் ஆகியவை உள்ளே இருக்கின்றனவா, தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டுமா என்று பாருங்கள். வட்டியையும் பாருங்கள். வட்டி தரமாட்டோம் என்று பாலிசியிலேயே எழுதி வைக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்கு உரிமை உண்டு என 2006இல் குஜராத் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அபராதம் எப்படியும் முதலாளி தலையில்தான்.

வேலைக்கு வரும் வழியில் நடந்த விபத்து? மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி 2003இல் அதிகாலைப் பணிக்குப் போகும் வழியில் இறந்தார். வேலையோடு தொடர்பு நிறுவப்பட்டால் அதுவும் பணிக்கால விபத்தே என்று அவர் குடும்பத்துக்குச் சாதகமாக 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புதிய சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. இரவு ஷிஃப்ட் ஓட்டுபவர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும்.

குழு விபத்துக் காப்பீடு கூடுதலாக இருக்கட்டும், 24 மணி நேரமும் காக்கும். இ.எஸ்.ஐ., இழப்பீட்டுப் பாலிசி இரண்டுக்கும் மாற்றாக மட்டும் அதை வாங்காதீர்கள். இ.எஸ்.ஐ.க்குள் வருகிறவர்களை இன்றே சேருங்கள். மிச்சமுள்ள ஒவ்வொருவரின் பெயரும் உண்மையான ஊதியமும் பாலிசியில் இருக்கிறதா என்று சம்பளப் பதிவேட்டை வைத்துச் சரிபாருங்கள்.