வங்கியில் 'முடியாது' என்று சொல்பவர்: தலைமை கம்ப்ளையன்ஸ் அதிகாரி குறித்த நம்பிக்கைகளும் உண்மைகளும்

இந்திய வங்கிகளில், வங்கி விதிகளின்படி நடக்கிறதா என்று கவனிக்கும் தலைமை கம்ப்ளையன்ஸ் அதிகாரி ஆக வேண்டுமானால் சட்டம் படித்திருக்க வேண்டும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஆனால் ரிசர்வ் வங்கி 2020 செப்டம்பர் 11 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை சட்டப் பட்டம் எதையும் கேட்கவில்லை. நிதித்துறையில் 15 ஆண்டு அனுபவம், அதில் குறைந்தது 5 ஆண்டு தணிக்கை, நிதி, கம்ப்ளையன்ஸ், சட்டம், இடர் மேலாண்மை ஆகியவற்றில் ஒன்றில், வயது 55-க்கு மிகாமல்: கேட்பவற்றில் முக்கியமானவை இவை. கிளையில் கடன் பார்த்து, பிறகு தணிக்கைக்குப் போனவரும் இந்த நாற்காலிக்கு வரலாம்.

சட்டப் புத்தகத்தைவிட கவுன்ட்டரைத் தெரிந்திருப்பது இங்கே பெரிய திறமை. வாடிக்கையாளரை அடையாளம் காணும் கேஒய்சி விதியையே எடுத்துக்கொள்ளலாம். அபாயம் மிகுந்த வாடிக்கையாளருக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறையும், நடுத்தரமானால் 8, குறைவானால் 10 ஆண்டுக்கு ஒருமுறையும் விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும். விதி இரண்டு வரிதான். ஆனால் யாரை எந்த வகையில் சேர்ப்பது, கெடு வந்தவர்களின் பட்டியலை எந்த மென்பொருள் தரும், கடிதம் போட்டும் வராதவரின் கணக்கை என்ன செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் கிளை ஊழியருக்கு விடை சொல்லியாக வேண்டும்.

நிர்வாக இயக்குநருக்கு (எம்.டி.) பிடிக்காவிட்டால் இவரை மறுநாளே மாற்றிவிடலாம் என்பது அடுத்த நம்பிக்கை. ஆனால் குறைந்தபட்சப் பதவிக்காலம் 3 ஆண்டு. இடையில் அகற்ற இயக்குநர் குழுவின் முன் ஒப்புதல் வேண்டும். ரிசர்வ் வங்கிக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அவர் எம்.டி.யின் கீழ் இருந்தால், இயக்குநர் குழுவின் தணிக்கைக் குழு காலாண்டுக்கு ஒருமுறை அவரைத் தனியே சந்திக்க வேண்டும், அப்போது எம்.டி.யோ மற்ற உயர் அதிகாரிகளோ அறையில் இருக்கக் கூடாது. ஏட்டில் உள்ள இந்தப் பாதுகாப்பு எவ்வளவு பலிக்கும் என்பது தணிக்கைக் குழுவின் முதுகெலும்பைப் பொறுத்தது.

சம்பளத்தைப் பற்றித்தான் அதிகக் குழப்பம். உயர்பதவி என்பதால், வங்கி லாபம் ஏறினால் இவருடைய போனஸும் ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வணிக இலக்கு எதையும் இவருக்குத் தரவே கூடாது. தனியார், வெளிநாட்டு வங்கிகளுக்கான 2019 நவம்பர் ஊதிய விதிகளின்படி, தலைமை நிர்வாகியின் ஊதியத்தில் குறைந்தது பாதி, செயல்பாட்டைப் பொறுத்து மாறுவதாக இருக்க வேண்டும். கம்ப்ளையன்ஸ் போன்ற கட்டுப்பாட்டுப் பணியில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் ஊதியத்தில் நிலையான பங்கே ஓங்கியிருக்க வேண்டும். ஆனாலும் ஓரளவு மாறும் ஊதியம் கட்டாயம். தவறு தெரியவந்தால் நிறுத்திவைக்கவோ திரும்பப் பெறவோ கையில் ஏதாவது இருக்க வேண்டுமே! அரசு வங்கிகளின் கதை வேறு. அங்கே ஊதியத்தின் அடிப்படை பதவித் தரம்தான்.

விதியை மீறினால் அபராதத்தைக் கட்டிவிட்டுப் போகலாம் என்ற கணக்கும் தப்பு. பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கிக்கு 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி விதித்த அபராதம் 5.39 கோடி ரூபாய். 2024 ஜனவரி 31 அன்று வந்ததோ, புதிய டெபாசிட்டுகளையே நிறுத்தச் சொல்லும் உத்தரவு.

கம்ப்ளையன்ஸையும் இன்டர்னல் ஆடிட்டையும் ஒன்றாக நினைப்பவர்களும் உண்டு. புதிய கடன் திட்டம் சந்தைக்கு வருமுன் அதில் விதிமீறல் வர வாய்ப்புண்டா என்று பார்ப்பது கம்ப்ளையன்ஸ். நடந்ததைப் பிறகு சோதிப்பது ஆடிட். ஒரே ஆள் இரண்டையும் கவனிக்க முடியாது, ஏனென்றால் ஆடிட் சோதிக்க வேண்டியவற்றில் கம்ப்ளையன்ஸ் துறையும் ஒன்று.