இடம் மாறும் லாரி எடைமேடையும் மறுமுத்திரையும்

தாமிரபரணிப் பாசனப் பிரதேசத்தில் கார், பிசானம் ஆகிய இரு போகங்களிலும் விளைந்த நெல் முன்னாட்களில் களத்திலேயே மரக்காலால் அளக்கப்பட்டு, 21 மரக்கால் கொண்ட கோட்டைக் கணக்கில் கைமாறி வந்தது. அளக்கும் கருவி குடியானவரின் கண்ணெதிரே இருந்தது. தலைதட்டி அளப்பதா, கும்பலாக அளப்பதா என்ற தகராறு எழுந்தபோது ஊர்ப் பெரியோர் களத்துமேட்டிலேயே அதைத் தீர்த்து வைத்தனர். 1956ஆம் ஆண்டின் நிறை அளவைச் சட்டத்தைத் தொடர்ந்து, 1958 அக்டோபர் முதல் கிலோ எடைகள் படிப்படியாக வழக்கிற்கு வந்தன. இன்று அறுவடை யந்திரத்திலிருந்து நேரே லாரியில் கொட்டப்படும் நெல்லை எவரும் மரக்காலால் அளப்பதில்லை. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டையாகத் தராசில் நிறுக்கப்படும் நெல் நீங்கலாக, வியாபாரிக்கும் ஆலைக்கும் போகும் நெல்லின் விலையைப் பெரும்பாலும் லாரி எடைமேடையில் அச்சாகும் ஒரு சிறு சீட்டே நிர்ணயிக்கின்றது.

ஆகவே சேரன்மகாதேவி போன்ற ஊரில் எடைமேடை ஒன்று ஓரிடத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு வேறோரிடத்தில் நிறுவப்படுவது, அதன் உரிமையாளரை மட்டும் பொறுத்த விஷயமன்று. சாலை விரிவு, கடைவீதி நெரிசல், ஆலை கைமாறுதல் முதலிய காரணங்களால் எடைமேடைகள் இடம் மாறுகின்றன. அவ்வாறு மாறும்போது செய்யவேண்டிய வேலைகள் எவை, அவற்றில் எது விடுபட்டால் யாருக்கு நஷ்டம் என்பதை பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்திருப்பது அவசியமாகும்.

எடைமேடை வேலை செய்யும் விதம்

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் வயாட் என்பவர் அமைத்த மேடைத் தராசு நெம்புகோல்களால் ஆனது. வண்டியின் பாரத்தை நெம்புகோல்கள் படிப்படியாகக் குறைத்து ஒரு சிறு எடைக்கல்லுடன் ஒப்பிட்டுக் காட்டும். இக்காலத்து மேடையில் நெம்புகோல் இல்லை. சுமார் 16 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமுமுள்ள எஃகுத் தளத்தின் கீழ், ஆறு அல்லது எட்டு இடங்களில் ‘லோடு செல்’ எனப்படும் எஃகுக் கட்டைகள் நிற்கின்றன. பாரம் ஏறியதும் இக்கட்டை மிகச் சிறிதளவே அமுங்குகின்றது. அதன்மேல் ஒட்டப்பட்டுள்ள மெல்லிய கம்பிச் சுருளின் மின்தடை அதற்கேற்ப மாறுகின்றது. எல்லாக் கட்டைகளின் மின்குறிகளும் ஓர் இணைப்புப் பெட்டியில் ஒன்றுசேர்ந்து, எடைகாட்டும் பெட்டியில் கிலோவாகத் தோன்றுகின்றன.

இவ்விரண்டு முறைகளுக்கும் ஒரு முக்கிய வேற்றுமை உண்டு. நெம்புகோல் தராசு, பாரத்தைக் கல்லுடன் ஒப்பிடுகின்றது. பூமியின் ஈர்ப்பு கூடினாலும் குறைந்தாலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே பாதிக்கப்படும். லோடு செல்லோ பூமி இழுக்கும் விசையையே அளக்கின்றது. அந்த விசை பூமத்திய ரேகையை நெருங்க நெருங்கக் குறைவு. டெல்லியில் செம்மை செய்யப்பட்ட எடைமேடையை அப்படியே சேரன்மகாதேவிக்குக் கொண்டுவந்து நிறுத்தினால், 30 டன் பாரத்தில் ஏறக்குறைய 30 கிலோ குறைத்துக் காட்டும். யந்திரத்தில் பழுது எதுவும் இல்லாமலேயே இது நிகழும். அம்பாசமுத்திரத்திலிருந்து சேரன்மகாதேவிக்கு மாற்றினால் இந்த வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதன்று. ஆனால் பக்கத்துத் தெருவுக்கு மாற்றினாலும் அஸ்திவாரம், சமமட்டம், கட்டைகளின் நிலை ஆகிய எல்லாம் மாறிவிடுவதால், செம்மை செய்யும் வேலையைத் தவிர்க்க இயலாது.

எந்தப் பிழை யாரைப் பாதிக்கும்

எடைமேடையின் பிழைகள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. ஓர் உதாரணம் காண்போம். நெல் ஏற்றிய லாரியின் உண்மை எடை 16,000 கிலோ, வெறும் லாரி 6,000 கிலோ, நெல் 10,000 கிலோ என்று கொள்வோம். மேடை எப்போதும் 40 கிலோ குறைத்துக் காட்டுமாயின் முதல் எடை 15,960, இரண்டாம் எடை 5,960. கழித்தால் நெல் 10,000 கிலோவே. பூஜ்யம் தவறியிருப்பது, இரண்டு எடையும் அதே மேடையில் எடுக்கப்படும் வரை, விற்பவருக்கு நஷ்டம் விளைவிப்பதில்லை. மேடை பாரத்துக்கு ஏற்ப நூற்றுக்கு அரை வீதம் குறைத்துக் காட்டினாலோ, 15,920இலிருந்து 5,970 கழிந்து 9,950 கிலோதான் சீட்டில் வரும். விடுபட்ட 50 கிலோவுக்கு, 2025-26ஆம் பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த குவிண்டாலுக்கு 2,369 ரூபாய் ஆதரவு விலைப்படி, 1,184 ரூபாய் 50 காசு ஆகின்றது. இது ஒரு லோடுக்கு மட்டும். ‘பூஜ்யம் சரியாக இருக்கிறதே’ என்று காட்டப்படும் மேடையிலும் இந்தப் பிழை ஒளிந்திருக்கக்கூடும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

வெறும் லாரியின் எடையை வேறொரு மேடையில் எடுத்தாலும், பழைய சீட்டிலிருந்தோ வண்டியின் பதிவுப் புத்தகத்திலிருந்தோ எழுதிக்கொண்டாலும், முன் சொன்ன பூஜ்யப் பிழையும் முழுமையாக விவசாயியின் தலையில் விழும். இப்பழக்கம் நேரம் மிச்சமாகிறது என்று கூறி நடைபெறுவது; மிச்சமாவது நேரம் மட்டுமன்று.

பெயர்த்தெடுத்தலும் நிறுவுதலும்

மேடையைப் பெயர்ப்பதற்கு முன்னரே ஒவ்வொரு லோடு செல்லுக்கும் எண்ணிட்டு, அது நின்ற மூலையைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். அதன் கம்பியை வெட்டிக் குட்டையாக்கலாகாது. கம்பியின் நீளத்தையும் சேர்த்தே தொழிற்சாலையில் கட்டையின் அளவு நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. எஃகுத் தளத்தில் வெல்டிங் செய்ய நேர்ந்தால் லோடு செல்கள் அனைத்தையும் அகற்றிய பிறகே செய்யவேண்டும். வெல்டிங் மின்சாரம் கட்டையின் வழியே பாய்ந்தால், வெளியில் எக்குறையும் தெரியாமல் உள்ளே அது கெட்டுவிடும்.

புதிய இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் நம் பகுதிக்கே உரிய சில விஷயங்கள் உண்டு. கன்னடியன் கால்வாயை அடுத்த நன்செய் மண்ணில் நீர்க்கசிவு அதிகம். கரிசல் மண்ணோ மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும். இவ்விரண்டிலும் ஆழமாகத் தோண்டிக் கெட்டி மண்ணில் அஸ்திவாரம் அமையாவிட்டால், ஒரு மூலை இறங்கி மேடை சாய்ந்துவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த பெருமழையையும் தாமிரபரணியில் பெருகிய வெள்ளத்தையும் கண்டவர்கள், குழிக்குள் அமைக்கும் மேடையைவிடத் தரைக்கு மேல் உயர்த்திக் கட்டும் மேடையையே விரும்புவர். குழி மேடைக்கு வடிகால் இன்றியமையாதது. வண்டலும் கல்லும் தளத்தின் கீழ் சேர்ந்துவிட்டால் பாரத்தின் ஒரு பகுதியை லோடு செல்லுக்குப் பதில் அக்குப்பையே தாங்கிக்கொள்ளும்.

மேடையின் இருபுறமும் ஒரு லாரி நேராக வந்து ஏறும் அளவுக்குச் சமதளம் வேண்டும். சரிவில் இறங்கி வந்து திடீரெனப் பிரேக் பிடிக்கும் லாரி மேடையை நாளடைவில் நகர்த்திவிடும். இடிமின்னலுக்குத் தனி நிலக்கம்பி புதைப்பதும் கட்டாயம். இவ்வளவும் முடிந்து கான்கிரீட் 28 நாட்கள் பதப்பட்ட பிறகே மேடையை ஏற்றவேண்டும். பின்பு பாரம் ஏற்றிய லாரியைப் பலமுறை ஓட்டித் தளம் தன் இடத்தில் நன்கு அமர்ந்த பிறகே செம்மை செய்யும் வேலையைத் தொடங்கவேண்டும்.

செம்மை செய்தல்

முதலில் மூலைகள். ஒரே எடையை ஒவ்வொரு லோடு செல்லுக்கும் மேலாக வைத்து, எல்லா இடத்திலும் ஒரே அளவு காட்டும்படி இணைப்புப் பெட்டியில் திருத்துகின்றனர். பின்னரே மொத்த அளவு. 60 டன் மேடையைச் சோதிக்க 60 டன் படித்தர எடைக்கற்களை லாரிகளில் ஏற்றிக் கொண்டுவருவது எளிதன்று. இதற்குப் பன்னாட்டு சட்டமுறை அளவியல் நிறுவனத்தின் 76ஆம் எண் பரிந்துரையில் ஒரு வழி காட்டப்பட்டுள்ளது. மேடைக் கொள்ளளவில் பாதி அளவுக்குப் படித்தர எடைகள் இருந்தால் போதும். ஒரே பாரத்தை மீண்டும் மீண்டும் நிறுத்தும் மாறாமல் ஒரே எடை காட்டும் மேடைக்கு ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 12 டன் வரை குறைத்துக்கொள்ளலாம். 12 டன் கற்களை வைத்து அளவைக் குறித்துக்கொள்வர். கற்களை இறக்கி, அதே அளவு காட்டும் வரை மணலோ ஜல்லியோ ஏற்றிய வண்டியை அவ்விடத்தில் நிறுத்துவர். அதன்மேல் மீண்டும் 12 டன் கற்களை வைத்தால் 24 டன். இவ்வாறு ஐந்து படிகளில் 60 டன் வரை சோதிக்கலாம். ஒரே மரக்காலைக் கொண்டு ஒரு கோட்டையை அளந்த நம் முன்னோருக்கு இம்முறை விநோதமாகத் தோன்றியிராது.

பத்துப் பத்துக் கிலோவாகக் காட்டும் 60 டன் மேடைக்கு, முத்திரையிடும் வேளையில் அனுமதிக்கப்படும் பிழை 5 டன் வரை 5 கிலோவும், அதற்கு மேல் 20 டன் வரை 10 கிலோவும், அதற்கும் மேலே 15 கிலோவுமாகும். உபயோகத்தில் இருக்கும்போது சோதித்தால் இதைப்போல் இருமடங்கு வரை ஏற்கப்படும். முன் உதாரணத்தில் 16 டன்னில் 80 கிலோ குறைத்துக் காட்டிய மேடை, இந்த எல்லையை வெகுதூரம் தாண்டியது என்பது தெளிவு.

சட்டம் கூறுவது

2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2011 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் அமைந்த விதிகளின்படி எடைமேடைக்கு ஆண்டுக்கொரு முறை மறுமுத்திரை தேவை. அவ்வாண்டு முடியாதிருந்தாலும், நிறுவிய இடத்திலேயே முத்திரையிடப்பட்ட கருவியைக் கழற்றி வேறிடத்தில் நிறுவினால், உபயோகத்திற்கு முன் கட்டணம் செலுத்தி மீண்டும் சரிபார்த்து முத்திரை பெறவேண்டும். ‘போன மாதம்தான் முத்திரை வாங்கினோம்’ என்ற பதில் இடம் மாறிய மேடைக்குச் செல்லாது. பழுது பார்த்து நிறுவும் வேலையையும் உரிமம் பெற்றவரே செய்தல் வேண்டும். தமிழ்நாட்டில் இச்சட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பு தொழிலாளர் துறையைச் சேர்ந்தது.

சரிபார்ப்புச் சான்றிதழை எவரும் காணும் இடத்தில் மாட்டி வைத்தல் வேண்டும். சீட்டு வாங்குபவர் அதில் தேதியை மட்டும் பார்த்தால் போதாது. மேடை எந்த முகவரியில் சரிபார்க்கப்பட்டது என்பதையும் பார்க்கவேண்டும். பழைய முகவரியோடு புதிய இடத்தில் தொங்கும் சான்றிதழ் வெறும் காகிதமே. எடைகாட்டும் பெட்டியின் பின்புறத்திலும் இணைப்புப் பெட்டியிலும் உள்ள முத்திரை அறுபடாதிருக்கிறதா என்பதையும் கேட்டுப் பார்க்கலாம்.

விவசாயி செய்யக்கூடிய எளிய சோதனைகள்

வெறும் மேடை பூஜ்யம் காட்டுவதைப் பார்த்த பின்னரே லாரியை ஏறச் சொல்லவேண்டும். மேடை நீளம் இடங்கொடுக்குமாயின், அதே லாரியை முன் ஓரத்திலும் நடுவிலும் பின் ஓரத்திலும் நிறுத்தி எடை பார்க்கலாம். நெல் லாரியின் பாரம் பெரும்பாலும் பின் அச்சில் இருப்பதால் மூலைப் பிழை இதில் வெளிப்பட்டுவிடும். சந்தேகம் தீராவிடில் வெறும் லாரியை நிறுத்தி, அதன்மேல் உரிக்காத 20 யூரியா மூட்டைகளை ஏற்றிப் பார்க்கலாம். யூரியா மூட்டை 2018 முதல் 50 கிலோ அல்ல, 45 கிலோ. ஆகவே எடை ஏறக்குறைய 900 கிலோ கூடவேண்டும். இச்சோதனை பெரும் பிழையை மட்டுமே பிடிக்கும். 10 டன்னில் 50 கிலோ குறைக்கும் மேடை, 900 கிலோவில் 5 கிலோவுக்கும் குறைவாகவே தவறும். பத்துக் கிலோப் படியில் அது கண்ணுக்குத் தெரியாது. அத்தகைய பிழையைக் கண்டுபிடிக்கப் படித்தர எடைகளால்தான் முடியும்.

ஓட்டுநர் முதல் எடையில் வண்டியில் இருந்தால் இரண்டாம் எடையிலும் இருக்கவேண்டும். தார்ப்பாய், கயிறு, உதிரிச் சக்கரம் ஆகியவற்றுக்கும் இதே விதி. இரண்டு சீட்டிலும் வண்டி எண்ணும் நேரமும் அச்சாகியிருத்தல் வேண்டும்.

பஞ்சாயத்தைப் பொறுத்தவரை, எல்லைக்குள் எடைமேடை அமைக்கவோ மாற்றவோ அனுமதி கோரி மனு வரும்போது, வடிகாலையும் சாலையில் லாரிகள் காத்து நிற்கும் இடத்தையும் பார்ப்பதோடு, மறுமுத்திரைச் சான்றிதழின் பிரதியையும் கேட்டு வாங்கி அலுவலகக் கோப்பில் வைக்கலாம். சான்றிதழ் முடியும் தேதியை அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பதற்குச் சுண்ணக்கட்டியைத் தவிர வேறு செலவில்லை. முத்திரையின்றி மேடை நடைபெறுவதாக விவசாயிகள் கூறினால், வண்டி எண், தேதி, சீட்டின் பிரதி ஆகியவற்றுடன் திருநெல்வேலியிலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு எழுதவேண்டும். பிசான அறுவடை தொடங்கிய பின் எழுதுவதைவிட, நாற்று நடும் காலத்திலேயே எழுதினால் முதல் லோடு மேடை ஏறுவதற்கு முன் ஆய்வாளர் வந்து பார்க்க அவகாசம் இருக்கும்.